பெல்வியூ ஓட்டலில் நாலாம் பாரம்

சேசு மரி சூசை

பெல்வியூ ஓட்டல்,
ஏற்காடு ரோடு, சேலம்.
20-6-57, வியாழக்கிழமை.

என் அண்ணன் மகளும், மடத்துப் பெண்கள் போர்டிங்கின் பொறுப்புச் சிஸ்டருமான இன்னாசிமேரிக்கு, உன் சித்தப்பா லாசர் ஆசீர்வாதம் சொல்லியும் ஆசீர்வாதம் கேட்டும் எழுதிக்கொள்வது. சிஸ்டர் ஆகிவிட்ட பெண்ணுக்குச் சித்தப்பன் ஆசீர்வாதம் கொடுப்பதா, அவளிடம் வாங்குவதா என்று போன ஞாயிறு பங்குச் சாமியாரைக் கேட்டேன். "எதுக்கும் ரெண்டையும் எழுதிரு லாசர். உனக்கு வாங்குறதுதான் அவசரம்" என்றார். ஆகவே இரண்டும்.

இங்கு நானும், உன் சித்தி செல்வமேரியும், ஓட்டலின் ஆறு அறைகளில் கூரை உள்ள மூன்று அறைகளும் நலம். அங்கு நீயும், மதர் அம்மாவும், மற்ற சிஸ்டர்மார்களும், போர்டிங் பிள்ளைகளும், கேட்டில் உட்கார்ந்திருக்கும் ராஜம்மாளும் நலமாயிருக்க வேண்டும். ராஜம்மாளை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நேற்று உன்னைப் பார்க்க நேரிலேயே வந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டு, இந்த ஓட்டலைக் கட்டிய துரை கொடுத்த கைத்தடியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். அந்த அம்மாள் கம்பி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த லாசரு? கேக்கு லாசரா?" என்றாள். போன கிறிஸ்துமசுக்கு நான் அனுப்பிய பிளம் கேக்கை உங்கள் மடத்தில் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. அலமாரியில் துரை விட்டுப்போன மருந்துப் புட்டியைத்தான் மாவில் ஊற்றினேன். என்ன மருந்து என்பது லேபிளில் அழிந்துபோயிருந்தது. அதைத் தின்ற எண்பது பிள்ளைகளும் சாயங்காலம் சாமியார் பிரசங்கம் முடியும்வரை தூங்கினார்கள் என்றால், அதில் கேக்கின் பங்கு எவ்வளவு, பிரசங்கத்தின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்த்தது? அதெல்லாம் ராஜம்மாளுக்குப் புரியாது. "ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்க உடுவோம். உங்கள அன்னிக்கும் உட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று கம்பிக் கதவை இன்னொரு சுற்றுப் பூட்டினாள். ஆகையால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் போர்டிங்கில் எட்டாவது பாஸான ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும். நாலாம் பாரம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். அந்தப் பெண் இப்போது எங்கள் ஓட்டலில் ஒன்றாம் நம்பர் அறையில் இருக்கிறாள். அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அப்பா, இதுதான் உன் போர்டிங் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். சிரிக்காதே. மூன்றாம் பாரத்தின் வாசல் வரை படித்த உன் சித்தப்பன் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு பிசகு எப்படி நடக்கும் என்று நீ கேட்பாய். நடந்ததற்குக் காரணம் பிசகு இல்லை, என் நல்ல குணம். முழுக்க வாசித்தால் உனக்கே தெரியும்.

உனக்கு இந்த ஓட்டலின் பழைய மகிமை தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பே மெட்ராஸ் ரயிலில் விடியற்காலம் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டுக்கு மலை ஏறுமுன் குளிக்கவும் முட்டை தின்னவும் கால் நீட்டவும் துரை கட்டிய இடம் இது. நான் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஜங்ஷனில் நின்று "பெல்வியூ! பெல்வியூ!" என்று கூவினால் இஞ்சின் டிரைவருக்கே இறங்கிவிடலாமா என்று தோன்றும். ஒரு தடவை கோயமுத்தூர் போக வேண்டிய லாட்டு துரை ஒருவர் என் குரலைக் கேட்டு இங்கேயே இறங்கி மூன்று நாள் தங்கிவிட்டார். தூங்கி எழுந்து ஊர் தெரியாமல் இறங்கியவர் என்று உன் சித்தி சொல்லுவாள். அவள் அப்போது எனக்கு வாக்கப்பட்டே வரவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? வராந்தாவில் ஒரு வெண்கல மணி தொங்குகிறதே, அதை வைத்துத்தான் துரை பெயரே வைத்தார். பெல் என்றால் மணி, வியூ என்றால் பார்ப்பது. மணியைப் பார்த்து அடி என்று அர்த்தம். அரைகுறையாக இங்கிலீஷ் படித்தவர்கள் வேறு என்னவோ சொல்லுவார்கள், நீ நம்பாதே. துரை கப்பல் ஏறும்போது என் தோளைத் தட்டி, கண் கலங்கி, நல்ல தமிழிலேயே, "லாசர், இனிமே இந்த ஓட்டலை நீதான் பெருக்கணும்" என்றார். பெருக்குவது என்றால் பெரிதாக்குவது. உன் சித்தி இதை எப்போது சொன்னாலும் விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டுகிறாள். இப்போதைய முதலாளி கோயமுத்தூரில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கட்டடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி எல்லாம் நான்தான்.

துரை விட்டுப்போனவற்றில் பெரியது ஒரு சட்டம். கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வந்தவரிடம் 'நோ' என்று சொல்லாதே. முதலில் நாற்காலி. இரண்டாவது எலுமிச்சைத் தண்ணீர். மூன்றாவது புத்தகத்தில் பெயர். அப்புறம்தான் பேச்சு. நான் சாமியார் சொன்னதை மீறியிருக்கிறேன், உன் சித்தி சொன்னதைத் தினமும் மீறுகிறேன், துரை சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. அதில்தான் முதல் சங்கடம் வந்தது. ஓட்டல் என்றால் வெள்ளைக்காரனுக்குப் படுக்கிற இடம். நம் ஆட்களுக்கு இட்லி. போர்டில் தமிழில் 'ஓட்டல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் துரையின் சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து "ரெண்டு இட்லி, ஒரு காப்பி, சட்னி கெட்டியா" என்பார்கள். இல்லை என்று சொல்லக் கூடாதே. ஒரு மாதம் உன் சித்தி மாவாட்டினாள். முப்பத்தோராம் நாள் குழவியை நிறுத்திவிட்டு, "போர்டுல இருக்கிற ஓட்டல அழிக்கிறீங்களா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போகட்டுமா?" என்றாள். சுண்ணாம்பு மட்டையை எடுத்து அழித்தேன். உச்சியில் இருந்த பழைய இங்கிலீஷ் வரியை யாரும் வாசிக்கப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். கீழே தமிழில் 'பெல்வியூ போர்டிங் & லாட்ஜிங்' என்பது மட்டும் மிச்சம். போர்டிங் என்ற சொல்லுக்கு நம் ஊரில் உங்கள் மடத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம் என்று ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மேல் தோட்டத்துச் சிலை. துரை வாங்கி வைத்த சுண்ணாம்புப் பெண்பிள்ளை, தோளில் குடம், துணி விஷயத்தில் ரொம்பச் சிக்கனம். வேதக்காரன் வாசலில் இப்படி நிற்கலாமா என்று நான்தான் நீலப் பெயிண்டால் முக்காடு, வெள்ளைப் பெயிண்டால் அங்கி எல்லாம் போட்டு மாதாவாக்கினேன். சாமியார் வந்து பார்த்து, "மாதா எதுக்கப்பா தோள்ல கொடம் வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். "கானாவூர்க் கலியாணத்துக்குத் தண்ணி எடுத்துட்டுப் போறாங்க சாமி" என்றேன். தலையில் அடித்துக்கொண்டே போய்விட்டார். வேத விஷயத்தில் என்னை மடக்க முடியாது.

இந்த நிலையில், போன திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வந்தார். பெயர் நாச்சிமுத்து. தலையில் தகரப் பெட்டி, கக்கத்தில் பாய், பின்னால் பதின்மூன்று வயதுப் பெண், அவள் இடுப்பில் நிலக்கடலை மூட்டை. அவர் ஊர் ஹெட்மாஸ்டர் அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஏற்காடு ரோட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய கட்டடம், வாசலில் மாதா, உள்ளே மணி, போர்டிங் என்று போர்டு. நாலும் பொருந்தினால் யார்தான் என்ன செய்வார்கள்? சிலைக்குக் கும்பிடு போட்டார். பெண்ணைப் போர்டை வாசிக்கச் சொன்னார். அவள் "பெல்வியூ போர்டிங்" என்று கணீரென்று வாசித்துவிட்டு, உச்சியில் இருக்கும் இங்கிலீஷ் வரியை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் நிற்கிறாளே என்று நானே உள்ளே கூப்பிட்டேன்.

"ஏனுங்க, போர்டிங்கு இதுதானுங்களா?"

"இதேதானுங்க. உக்காருங்க." நாற்காலி. எலுமிச்சைத் தண்ணீர்.

"எடம் இருக்குதுங்களா?"

"எடத்துக்கு என்னங்க, தாராளமா இருக்குது."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார். "கேட்டுக்கிட்டியா சாமி? தாராளமா இருக்குதாம்!" என்று மகளிடம் சொன்னார். இடம் இருக்கிறது என்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பிரயாணியை நான் லாட்டு துரை காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எத்தன நாளைக்குங்க?" என்றேன்.

"மூணு வருசமுங்க."

நம் ஓட்டலில் அதிகம் தங்கியவர் பதினோரு நாள். அவருக்கும் அம்மை போட்டிருந்தது. நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. "காலைல வெந்நீர் வேணுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க? பச்சத் தண்ணி போதும். சொன்ன பேச்சுக் கேக்கலீன்னா ரெண்டு அடி போடுங்க."

"ஆரைங்க?"

"புள்ளயத்தானுங்க!"

அந்த நேரம் பார்த்து உன் சித்தி உள்ளேயிருந்து வந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை வெள்ளைத் துண்டால் முக்காடு போலச் சுற்றியிருந்தாள். உடம்பில் வெள்ளைச் சேலை. கையில் கரண்டி. நாச்சிமுத்து எழுந்து, "சிஸ்டரம்மா!" என்று அப்படியே காலில் விழுந்துவிட்டார். உன் சித்தி இரண்டடி பின்னால் குதித்து, "ஏங்க, ஆரு இவரு? இட்லி கேக்கறாரா?" என்றாள்.

அவர் எழுந்து நின்று பேசியதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "எங்கூட்ல எழுத்துன்னு ஒண்ணு ஆரும் கண்டதில்லீங்க சிஸ்டரம்மா. இவ எட்டாவதுல பள்ளிக்கூடத்துக்கே மொதலாப் பாஸ் பண்ணியிருக்கறா. எங்கண்ணன், பொட்டப்புள்ளைக்கு இது போதும், மேச்சேரிப் பக்கம் நூறு ஆடு வெச்சிருக்கற மாப்பள ஒருத்தர் இருக்கறாரு, முடிச்சுப்போடலாம்ங்கறாரு. நான் ஒரே புடியா நின்னு கூட்டியாந்துட்டனுங்க. போர்டிங்ல எடம் கெடைக்கலீன்னா அடுத்த மொகூர்த்தத்துலயே கல்யாணம்னு ஊர் முன்னால சொல்லித்தான் என்னைய பஸ் ஏத்தியுட்டாரு. இப்ப நீங்க எடம் இருக்குதுன்னுட்டீங்க. அது போதுமுங்க."

எனக்கு முதல் பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது, இருந்தாலும் இப்போது கொஞ்சம் கூடுதலாகப் புரிந்தது. 'இது அது இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதில் 'இல்லை' இருக்கிறது. உன் மடத்துக்கு நேராக வழி காட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போர்டிங் நிரம்பிவிட்டது என்று வண்ணான் சொல்லிக் கேட்டிருந்தேன். "எடம் இல்லே" என்று ராஜம்மாள் கம்பி வழியாக ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மனிதர் அடுத்த பஸ்சிலேயே கல்யாணத்துக்குத் திரும்பியிருப்பார். முதலில் பெண் சேலத்தில் நிற்கட்டும், இடத்தை நான் இன்னாசிமேரியிடம் ஒரு வார்த்தையில் வாங்கிவிடுகிறேன் என்று கணக்குப் போட்டேன். உன் சித்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடி போட்ட சட்டத்தைப் பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் பெண்ணிடம், "பேரென்ன சாமி?" என்றாள்.

"கண்ணாத்தாளுங்க."

"சாப்புட்டியா?"

"நான் கட்டுச்சோறு சாப்புட்டனுங்க. அப்பாதான் சாப்புடலீங்க."

அதற்குமேல் உன் சித்தியிடமும் 'இல்லை' வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் நான் பெயர் எழுதப்போனபோது நாச்சிமுத்து தடுத்து, "அவளே எழுதுவாளுங்க" என்று பேனாவை வாங்கி அவள் கையில் கொடுத்து, அவள் எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஆறு அறைகளையும் கூரை இல்லாதது உட்பட நிறைந்த மனதோடு பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மணி பஸ்சுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு வராந்தா மணி அடித்தது பார், துரை காலத்தில்கூட அப்படி அடித்ததில்லை. இரண்டாம் நம்பரில் தங்கியிருந்த ஆத்தூர் ஜவ்வரிசி வியாபாரி தீர்த்தகிரி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னாய்யா லாசரு, நெருப்பா?"

மணிச் சங்கிலியைப் பிடித்தபடி கண்ணாத்தாள் நின்றாள். "போர்டிங்ல அஞ்சு மணிக்கு மணி அடிச்சு செபம் பண்ணோணும்னு எங்க ஹெட்மாஸ்டரு சொன்னாருங்க. ஆரும் அடிக்கலீங்க. அதான்."

செபம் நடந்தது. உன் சித்தி ஜெபமாலை சொன்னாள். எழுந்தது எழுந்தாயிற்று, சும்மா உட்காருவானேன் என்று தீர்த்தகிரி தன் பங்குக்கு முருகன் மேல் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். செபம் முடிந்ததும் அந்தப் பெண் பால்காரப் பொன்னாயிக்கு ஒத்தாசையாகக் குடம் தூக்கப் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பினாள். தினமும் அப்படியே போகிறாள், குணமான பிள்ளை. ஏழிலிருந்து எட்டு வரை படிப்பு நேரம். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாதாம். தீர்த்தகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஆத்தூரில் எண்பது பேர் வேலை செய்யும் ஆலைக்கு முதலாளி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பேப்பரை மனசுக்குள் வாசித்தார். இன்றைக்கு அவரே நாலே முக்காலுக்கு எழுந்து வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். "மூணு நாளா சந்தைக்கு மொத ஆளாப் போறேன்யா. மணிய மட்டும் நிறுத்திடாதே" என்கிறார்.

அதே செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கான்ஸ்டபிள் மாரியப்பன் வந்தார். ஓட்டலில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருக்கு அன்றாட வேலை. புரட்டிக்கொண்டே வந்தவர் விரலை ஓரிடத்தில் நிறுத்தினார்.

"என்ன லாசரு, இது எந்தப் பக்கத்து ஊரு?"

"எதுங்க?"

"வந்த இடம், நாமகிரிப்பேட்டை. சரி. போகும் இடம்னு இருக்குதே, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு. டீச்சர் வேலைக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக இந்தப் பத்தியில் ஏற்காடு, ஊட்டி, மெட்ராஸ் என்றுதான் எழுதிப் பார்த்திருக்கிறேன். மாரியப்பன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "இந்த ஊருக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "எஸ்.எஸ்.எல்.சி.க்கு மூணு வருசமுங்க. அப்பறம் ட்ரெயினிங்கு ரெண்டு வருசமுங்க. அஞ்சு வருசத்துல போயிச் சேந்துருவனுங்க."

மாரியப்பன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடினார். "பத்தரமாப் போய்ச் சேரு சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னை மட்டும் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். "லாசரு, பெத்தவங்க இல்லாத பச்சப்புள்ளைய லாட்ஜுல வெச்சிருக்கக் கூடாதுய்யா. உன்ன எனக்குத் தெரியும், உஞ் சம்சாரத்தத் தெரியும், அதனால ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் கண்ண மூடிக்கறேன். திங்கக்கெழம தொறந்துக்குவேன்." நான் அவரைச் சட்டம் பேசி மடக்கினேன். கையெடுத்துக் கும்பிட்டதாக உன் சித்தி சொல்லுவாள், கும்பிட்டபடியே மடக்கினேன்.

அன்று முதல் நானே அவளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்கிறேன். புத்தகம் கிடையாது, ஆனால் துரை காலத்துச் சாப்பாட்டுப் பட்டியல் அட்டை இருக்கிறது. சூப்பு, கட்லெட்டு, கஸ்டர்டு வரை முடித்துவிட்டோம். பேசுவதற்கு "குட் மார்னிங் சார், யுவர் பாத் இஸ் ரெடி" என்பதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே நீ பரீட்சையில் "வாட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டு, அவள் "ரூம் நம்பர் ஒன், சார்" என்று சொன்னால் பயந்துவிடாதே. அஸ்திவாரம் பலமாகப் போட்டிருக்கிறேன், மேலே நீ கட்டிக்கொள்ளலாம்.

இப்படியே ஒரு வாரம் பத்து நாள் ஓட்டி, ஆற அமர உன்னைப் பார்க்கலாம் என்றிருந்தேன். நேற்று ராஜம்மாள் கதை. இன்று காலை நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. நாச்சிமுத்து சொல்ல, ஹெட்மாஸ்டர் எழுதியது. நாச்சிமுத்துவின் அண்ணன், போர்டிங் என்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியுமாக வருகிறார்களாம். அந்த அண்ணன் எழுத்து வாசனை இல்லாதவராக இருக்கலாம், ஆனால் ஒன்றாம் நம்பரில் பெண்பிள்ளையும் இரண்டாம் நம்பரில் ஜவ்வரிசி வியாபாரியும் இருக்கிற இடம் போர்டிங் இல்லை என்று கண்டுபிடிக்க எழுத்து வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் பெண்ணைப் பெட்டியோடு பஸ் ஏற்றுவார். அடுத்த முகூர்த்தம் மேச்சேரி. நூறு ஆட்டுக்கும் அவள் ஐந்து மணிக்கு மணி அடித்துக்கொண்டிருப்பாள். தம்பி ஊர் முன்னால் இனி எந்த முகத்தோடு நடப்பார்? எல்லாம் நான் 'இல்லை' என்று சொல்லாததால் வந்தது.

இன்னாசி, நான் யாரிடமும் கையேந்தாதவன். லாட்டு துரை என்ன வேண்டும் என்று கேட்டபோதே ஒன்றும் வேண்டாம் என்றவன். இப்போது கேட்கிறேன். ஒரு பாய் விரிக்கிற இடம், ஒரு தட்டு, நாலாம் பாரத்தில் பெஞ்சின் ஓரம். சனிக்கிழமைக்குள். மதர் அம்மா என் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்றால் என் பெயரைச் சொல்லாதே. இந்தப் பிறவியில் உங்கள் மடத்துக்குக் கேக் அனுப்பமாட்டேன் என்று வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து எழுதுகிறேன். இடது கை வேதப் புத்தகத்தின் மேல்தான் இருக்கிறது, எழுத்துக் கோணலாக வருவதிலேயே நீ தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் மடத்துக்கும் பால் ஊற்றுகிற பொன்னாயி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவள் கையிலேயே கொடு. மதர் அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம், சிஸ்டர்மார்களுக்கு உன் சித்தியின் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள், ராஜம்மாளுக்கு என் மன்னிப்பு. குடம் இல்லாத உண்மையான மாதா உன்னை எப்போதும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதம் கொடுத்தும் வாங்கியும் நிற்கும்
உன் சித்தப்பா,
ம. லாசர்,
ஜெனரல் மேனேஜர்,
பெல்வியூ போர்டிங் & லாட்ஜிங்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். கண்ணாத்தாள் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள், "மேனேஜர் மாமா, சித்தப்பாங்கறதுக்கு ஒரு 'ப்' விட்டுட்டீங்க" என்று சொல்லி, நின்றபடியே ஏழு காகிதத்தையும் வாசித்து முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓட்டலுன்னு வந்த அன்னிக்கே தெரியுமுங்க. போர்டு உச்சீல இங்கிலீசுல எச், ஓ, டி, ஈ, எல்லுன்னு போட்டிருக்குதுங்களே."

"பின்னே ஏன் சாமி சொல்லல?"

"எடம் தாராளமா இருக்குதுன்னு நீங்க சொன்னப்ப எங்கப்பா மொகத்தப் பாத்தீங்கல்ல? நானெப்படிங்க சொல்றது?"

அப்புறம்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பொன்னாயியின் பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு உன் மடத்துக்குள் வந்துவிட்டாளாம். ராஜம்மாளே கதவைத் திறந்துவிட்டாளாம். நீ அவளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் பரீட்சை வைத்தாயாம், பெயரைக் கேட்டதற்குப் பெயரையே சொன்னாளாம், நேற்றுக் காலை இடமும் கொடுத்துவிட்டாயாம், சனிக்கிழமை பெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறாயாம். உன் சித்திக்கு எல்லாம் தெரியுமாம். அவள்தான் அனுப்பினாளாம். நிலக்கடலை உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டாளாமே, நன்றாயிருந்ததா? நேற்று நான் வெள்ளைக் கோட்டோடு கேட்டில் நின்றபோது நீ மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயாம். "சித்தப்பா எப்படியும் கடிதம் எழுதுவார். எழுதட்டும். எழுதி முடிக்கிற வரைக்கும் வேற ஒண்ணும் செய்யாம இருப்பார்" என்று இன்று காலை இவளிடம் சொல்லி அனுப்பினாயாம். சிஸ்டர் பேசுகிற பேச்சா இது? ஆக, இந்தக் கடிதத்தில் நான் கேட்டது எதுவும் நீ செய்ய வேண்டாம். கிழித்துப் போட மனம் வரவில்லை. லாட்டு துரை வருகிற இடத்தை மட்டுமாவது மதர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் முதலில் இங்கேதான் வருவார்கள், அவர்களுக்குத் தெரிந்த போர்டிங் இதுதான். நாற்காலி போடுவேன், எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பேன். புள்ள எங்கீங்க என்று கேட்டால், "நாலாம் பாரத்தப் பூராவும் நம்ம புதுக் கட்டடத்துக்கு மாத்திட்டமுங்க" என்று சொல்லி, வண்டி பிடித்து உங்கள் மடத்துக்கு அழைத்துவருவேன். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறேன். இது பெல்வியூ போர்டிங்கோட புதுக் கட்டடமுங்களா என்று நாச்சிமுத்து கேட்டால் மட்டும், இன்னாசி, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ராஜம்மாளிடமும் சொல்லி வை, 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.